நெஞ்சுவலி வந்த ராத்திரி: உங்கள் வீட்டில் நேரம் எங்கே போனது?

மஸ்கெலியா மகள்

அப்பா தவறிப் போய் ரெண்டு வருசமாகிறது. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. போன கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு மாமா அதே மாதிரிப் போய்விட்டார். அவர் வீட்டிலும் முதல் வைத்தியம் இஞ்சித் தண்ணிதான். செத்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நாங்க எங்க பிழை விட்டோம்?" என்று கேட்டாள். அதே கேள்வியை ரெண்டு வருசமாக நானும் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா பாக்டரியில் 32 வருசம் வேலை செய்தவர். பெரிய நோய் என்று படுத்ததில்லை. பிரசர் இருந்தது, மருந்தை ஒழுங்காகக் குடிக்கமாட்டார். அன்றைக்கு ராத்திரி 11.15க்கு எழும்பி உட்கார்ந்தார். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு என்றார். தை மாசத்துக் குளிர், நாங்கள் ஆளுக்கு ரெண்டு கம்பளி போர்த்திப் படுத்திருந்தோம். அவருடைய பனியன் மட்டும் பிழிந்தால் தண்ணி வரும் போல நனைந்திருந்தது. அந்த வேர்வையைப் பார்த்தே நாங்கள் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. ராத்திரி கடலை அவித்துத் தின்றார், வாயு பிடித்திருக்கும் என்றாள் அம்மா. இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தோம், நெஞ்சில் சித்தாலேப தைலம் தேய்த்தோம். ரெண்டு ஏப்பம் விட்டார். "இப்ப கொஞ்சம் பரவால்ல, நீங்க படுங்க, விடியட்டும் பாப்போம்" என்றார்.

ரெண்டு மணிக்கு வலி இடது கைக்கும் தாடைக்கும் ஏறியது. அப்போதுதான் தம்பி வண்டி தேடி ஓடினான். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஓட்டோ இல்லை. கீழ் லயத்தில் இருந்த ஓட்டோக்காரருடைய போன் ஓஃப். இன்னொருவர் ஹட்டனுக்கு ஹயர் போயிருந்தார். தோட்டத்து லொறிக்கு யாரைக் கேட்பது, சாவி யாரிடம் என்று தெரியவில்லை. வண்டி கிடைத்தபோது மூன்றரை. தோட்டத்து ரோட்டில் ஆறு கிலோமீட்டர் வர முக்கால் மணித்தியாலம். 4.15க்குப் பக்கத்து ஆஸ்பத்திரி. ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர், இது ஹார்ட் அட்டாக், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அங்கே இருந்த ஒரே அம்பியூலன்ஸ் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது திரும்பி வந்து நாங்கள் கிளம்பும்போது 5.40. பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பைக் கரைக்கிற ஊசி போடத் தொடங்கியபோது 6.50.

அந்த வாட்டில் இருந்த டொக்டர் முதலில் கேட்டது, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான். நான் "விடியக்காலம்" என்றேன். அம்மா மெதுவாக "பதினொன்னே கால் ஐயா" என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

பிறகு ஒருநாள் நான் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டேன். மொத்தம் ஏழு மணித்தியாலம் 35 நிமிசம். இதில் ரோட்டில் போனது ரெண்டு பயணமும் சேர்த்து ஒரு மணித்தியாலம் 55 நிமிசம். வண்டி தேடியது ஒன்றரை மணித்தியாலம். முதல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தது ஒரு மணித்தியாலம் 25 நிமிசம். வீட்டில், இஞ்சித் தண்ணியோடு, ரெண்டே முக்கால் மணித்தியாலம்.

ரோட்டைத்தான் நாங்கள் காலம் காலமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம். திட்ட வேண்டிய ரோடுதான். ஆனால் அதிக நேரம் எங்கள் காம்பராவுக்குள்ளேயே போயிருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்த அன்றைக்கு அழுதேன். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் நேரம் எங்கே போனது என்று எழுதுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை.

நோர்வூட் ஓட்டோக்காரன்

தங்கச்சி, வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் வண்டியிலேயே உக்காந்திருந்தேன். போன் ஓஃப் பண்ணிட்டுப் படுத்த ஓட்டோக்காரனா நானும் இருந்திருக்கேன். இப்ப மூணு வருசமா ஓஃப் பண்றதில்ல.

நான் பாத்ததச் சொல்றேன். இந்த ரோட்டுல 14 வருசமா ஓடுறேன், நெஞ்சுவலிக்காரங்கள நெறய ஏத்தியிருக்கேன். வண்டி லயத்து வாசலுக்குப் போகாது. ரோட்டுக்கு வர படி ஏறணும், சில எடத்துல நூறு படிக்கு மேல. எல்லாரும் செய்ற வேல என்னன்னா, ரெண்டு பக்கமும் ஆள் புடிச்சி நோயாளிய நடத்திக் கூட்டிட்டு வர்றது. அவரும் ரோசத்துல "நான் நடப்பேன்"னு ஏறுவாரு. ஒரு பெரியவர் பாதி படில நின்னாரு, மூச்சு வாங்குனாரு, அப்பிடியே சரிஞ்சாரு. அதுக்கப்புறம் நான் யாரையும் ஏற விடுறதில்ல. பிளாஸ்டிக் கதிரையில உக்கார வச்சி நாலு பேர் தூக்கணும். கதிர இல்லாட்டி கம்பளி. வேட்டி மாத்தணும், மொகம் கழுவணும், சாமி கும்புடணும்னு வீட்டுக்குள்ள நிக்கிறதும் உண்டு. ஒருத்தர் என்ன இருபது நிமிசம் நிக்க வச்சிட்டு சவரம் பண்ணிட்டு வந்தாரு. ஆஸ்பத்திரிக்கு அழுக்கா போகக்கூடாதுன்னு நெனப்பு. எங்க ஆளுங்களுக்கு அந்த வெக்கம் எங்கேருந்து வந்திச்சின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். நோயாளிக்கு அழுக்கு ஒண்ணும் இல்ல, அப்பிடியே வாங்க.

இன்னொண்ணு காசு. மாசக் கடைசியில ராத்திரி ஹயர்னா பயப்படுறாங்க. கையில எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் எனக்குப் போன் எடுக்கிறாங்க. அந்த எண்ணுற நேரம் அர மணித்தியாலம். என் நம்பர் வச்சிருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நெஞ்சுவலின்னா காசு சம்பளத்துக்கு அப்புறம்.

2022ல பெற்றோல் இல்லாத காலத்துல மட்டும் முடியாமப் போச்சி. ஆடி மாசம், கியூவுல ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டு வீட்டுக்கு நடந்து வந்திருந்தேன். அன்னிக்கு ராத்திரி மேல் லயத்துலேருந்து வந்தாங்க. என்கிட்ட வண்டியே இல்ல. அந்த அண்ணன் பொழச்சாரு, வேற வண்டி கெடச்சிச்சி. ஆனா அந்த மனுசி என் வாசல்ல நின்னது இன்னும் கண்ணுல நிக்கிது. பெற்றோலுக்கு கியூஆர் பங்கீடு வந்தப்புறம் ரெண்டு லீற்றர எப்பவும் தொடாம வைப்பேன்.

கம்பளை மிஸ்ஸி

நான் 34 வருசம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். பாதிக் காலம் மலையகத்து வாட்டுகளில். மகள், உன் அம்மாவை நீ மனதால்கூடக் குறை சொல்லாதே. வாயு என்று நினைப்பது படிக்காத ஆட்களின் பிழை இல்லை. இதயத்தின் கீழ்ப்பக்கம் வயிற்றுக்கு மேலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்தால் மேல்வயிறு எரியும், குமட்டும், ஏப்பம்கூட வரும். வீட்டில் இருந்துகொண்டு இது வாயு, இது ஹார்ட் என்று பிரிக்க எங்களாலும் முடியாது. ஈசிஜிதான் பிரிக்கும், சில வேளை முதல் ஈசிஜியிலும் தெரியாமல் இரண்டாவது எடுத்துத்தான் தெரியும்.

நடப்பது என்னவென்று எளிமையாகச் சொல்கிறேன். இதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற குழாய்க்குள் கொழுப்புப் படிந்த இடம் வெடித்து, அதன் மேல் இரத்தம் கட்டியாகிறது. குழாய் அடைபடுகிறது. அதற்கு அப்பால் இருக்கிற இதயத்தசை இரத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு போகும். செத்த தசை திரும்ப முளைக்காது. கட்டியைக் கரைக்கிற ஊசி 12 மணித்தியாலம் வரைக்கும் போடலாம், ஆனால் முதல் 2, 3 மணித்தியாலத்துக்குள் போட்டால் கிடைக்கிற பலன் பிறகு கிடைக்காது. ஆஸ்பத்திரிக்குள் வந்தால் 10 நிமிசத்துக்குள் ஈசிஜி, அடைப்பு என்று தெரிந்தால் 30 நிமிசத்துக்குள் ஊசி. நாங்கள் படித்த கணக்கு இதுதான். அந்த ஊசி மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் சேலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஏற்றுவோம், பிரசர் இறங்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். டெனெக்டிப்ளேஸ் என்றால் ஒரே தடவையில் போடுகிற ஊசி. பெரிய இடங்களில் குழாய்க்குள் வயர் விட்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்து அதைச் செய்ய முடியுமென்றால் அதுதான் மேல். மலையில் ராத்திரியில் அது பலருக்கும் முடியாது. அதனால்தான் ஊசி.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். படுக்க வைத்துக் கட்டாயப்படுத்த வேண்டாம், சாய்ந்து உட்காரட்டும். நடக்கக்கூடாது, ஓட்டோ தம்பி சொன்னது முழுக்கச் சரி. அஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பித் தின்னக் கொடுக்கலாம். வீட்டில் இருப்பது 75 மில்லிகிராம் என்றால் நாலு. விழுங்குவதைவிடச் சப்பினால் சீக்கிரம் வேலை செய்யும். பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசையை வாங்கி வைக்காதீர்கள், பிரசர் இறங்கி விழுந்துவிடுவார். ஆள் மயங்கி மூச்சு நின்றுபோனால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து ஆழமாக, வேகமாக, நிமிசத்துக்கு 100இலிருந்து 120 தடவை அமுக்குங்கள். உதவி வரும் வரைக்கும் விடாதீர்கள்.

தலவாக்கலை தம்பி

மிஸ்ஸி, ஒரு கேள்வி. நாங்க தாத்தாவ பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவே இல்ல. மாமா சொன்னாரு, "அங்க போனா எப்பிடியும் கண்டிக்குத்தான் அனுப்புவாங்க, ரெண்டு வேலையா, நேரா கண்டிக்கே போவோம்"னு. வேன் புடிச்சோம். ஹட்டன் தாண்டி, கினிகத்தேன எறக்கத்துல தாத்தா வாந்தி எடுத்தாரு. நாவலப்பிட்டி கிட்ட வரும்போது கண்ணு மேல சொருகிச்சி. அப்பத்தான் வழியில இருந்த ஆஸ்பத்திரிக்குள்ள வேன திருப்பினோம். கரண்ட் ஷொக் குடுத்து உசுர மீட்டாங்க. இன்னும் இருக்காரு, ஆனா பத்தடி நடந்தா உக்காந்துர்றாரு. வர்ற வழியில எத்தன ஆஸ்பத்திரியத் தாண்டி வந்தீங்கன்னு அந்த டொக்டர் கேட்டாரு. நாங்க செஞ்சது பிழையா?

கம்பளை மிஸ்ஸி

தம்பி, உன் மாமா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு அது பொருந்தாது. முதல் சில மணித்தியாலத்தில்தான் இதயம் தாறுமாறாகத் துடித்துத் திடீரென்று நிற்கிற ஆபத்து அதிகம். அப்போது பக்கத்தில் ஷொக் மெசினும் அதைப் போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். வேனில் யார் இருக்கிறார்கள்? ஈசிஜி எடுக்கக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். அங்கேயே ஊசி இருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் அஸ்பிரினும் மற்ற மருந்தும் கொடுத்து, அடுத்த இடத்துக்குப் போன் பண்ணி, ஆளோடு அம்பியூலன்சில் அனுப்புவார்கள். அப்படி அனுப்பினால் அங்கே வாசலிலேயே தயாராக நிற்பார்கள்.

ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியில் டொக்டர் இருக்கிறார், ஈசிஜி வேலை செய்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்னமே விசாரித்து வைக்க வேண்டும். பகலில் கிளினிக் போகும்போது கேட்டால் சொல்வார்கள். கேட்பது உங்கள் உரிமை. தாத்தாவைக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாய், அதற்காக நீ தலைகுனியத் தேவையில்லை.

பசறை பையன், கொழும்பு

எங்க அம்மாவுக்கு நெஞ்சுவலியே வரல. இதத்தான் சொல்லணும்னு வந்தேன்.

அம்மா கொழுந்து எடுக்கிறவ. சீனி வருத்தம் ஒம்பது வருசமா. ஒரு செவ்வாக்கெழம மத்தியானம் மலையில நின்னுக்கிட்டு இருக்கும்போது திடீர்னு களைப்பு, குமட்டல், ஒடம்பெல்லாம் வேர்வை. வெயில் பட்டிருக்கும்னு நெனச்சிருக்கா. கங்காணிகிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனா அரப் பேர்தான் விழும், அர நாள் சம்பளம். அதுக்காக நின்னு, பின்னேரம் கொழுந்து நிறுத்துப் போட்டு, சாக்கத் தூக்கிக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கா. எனக்குப் போன்ல, "ஒண்ணுமில்லடா, சோர்வா இருக்கு"ன்னா. நான் கடையில கஸ்டமர் நிக்கிறாங்கன்னு ரெண்டு நிமிசத்துல வச்சிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு மூச்சு விட முடியல. படுக்க முடியல.

தங்கச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ராத்திரி தமிழ் தெரிஞ்சவங்க யாரும் இல்ல. அம்மா "நெஞ்சுக்குழி எரியுது, அடைக்குது"ன்னு சொன்னா. கூட நின்ன ஒருத்தர் பாவம் ஒதவி செய்யத்தான் வந்தாரு, வயிறு எரியுதுன்னு சிங்களத்துல சொல்லிட்டாரு. கேஸ்ட்ரிக் மருந்து குடுத்து உக்கார வச்சாங்க. ரெண்டு மணித்தியாலம் கழிச்சி வேற ஒரு டொக்டர் வந்து, சீனி வருத்தமான்னு கேட்டு, ஈசிஜி எடுக்கச் சொன்னாரு. எடுத்தப்புறம்தான் எல்லாரும் ஓடினாங்க. மத்தியானமே வந்திருக்குன்னு சொன்னாங்க. நான் கோட்டையிலேருந்து ராத்திரி பஸ் எடுத்து விடிய பதுளைக்கு வந்து சேரும்போது ஒக்சிஜன் போட்டுக்கிட்டு இருந்தா.

இப்ப அம்மா இருக்கா. இதயம் பாதிதான் வேல செய்யுதுன்னு கிளினிக்ல சொல்லியிருக்காங்க. மலைக்குப் போறதில்ல. தங்கச்சிக்கு ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன், "பப்புவ ரிதெனவா." நெஞ்சு வலிக்குதுன்னு அர்த்தம். எங்க அம்மா தன்னோட மொழியில தன் வலியச் சொன்னா கேக்கிறதுக்கு ஒரு ஆள் அங்க இருந்திருக்கணும். அது இல்லாத ராத்திரிக்கு இந்த ரெண்டு வார்த்தை.

கம்பளை மிஸ்ஸி

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வலி இல்லாமலேயே ஹார்ட் அட்டாக் வரலாம். நீண்ட காலச் சீனி நரம்பைக் கெடுத்துவிடுவதால் வலி தெரியாமல் போகலாம். காரணமில்லாத வேர்வை, மூச்சு வாங்கல், தாங்க முடியாத களைப்பு, இவை வந்தால் நெஞ்சுவலி வந்த மாதிரியே ஓட வேண்டும். சிங்களம் தெரியாவிட்டாலும் கையை நெஞ்சில் வைத்து "ஈசிஜி" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை மூன்று மொழியிலும் ஒன்றுதான்.

ராகலை டீச்சர்

நாங்கள் 1990 என்ற அம்பியூலன்ஸ் நம்பருக்குப் போன் எடுத்தோம். அந்தச் சுவசெரிய சேவை 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியபோது நமக்கெல்லாம் எப்போது வருமோ என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு நாடு முழுக்க வந்துவிட்டது. காசு இல்லை, 24 மணித்தியாலமும் உண்டு. ஆனாலும் எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அது விபத்துக்கு மட்டும்தான் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது.

என் கணவருக்கு வலி வந்தது காலை ஆறு மணிக்கு. போன் எடுத்தவுடன் விலாசம் கேட்டார்கள். லயக் காம்பராவுக்கு என்ன விலாசம் சொல்வது? எங்களுக்கு வருகிற கடிதமே தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன், எந்த டிவிசன் என்றார்கள். டிவிசனின் பெயர் ஒபிஸ் கொப்பியில் ஒன்று, நாங்கள் கூப்பிடுவது வேறொன்று. பதறிப்போனேன். பக்கத்து வீட்டுத் தம்பி போனை வாங்கி, மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், பாக்டரிக்கு எந்தப் பக்கம், கோயிலுக்கு மேலா கீழா என்று வரிசையாகச் சொன்னான். சொல்லிவிட்டு ரெண்டு பொடியன்களைச் சந்திக்கு அனுப்பினான். எங்கள் வீட்டிலிருந்து இவரைக் கதிரையில் தூக்கி ஒரு ஓட்டோவில் ஏற்றி நாங்களும் கீழே இறங்கினோம். சந்தியில் அம்பியூலன்சும் நாங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தோம். உள்ளே ஏற்றியதும் பரிசோதித்து, ஒட்சிசன் பார்த்து, போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்கு அறிவித்துவிட்டார்கள். வலி தொடங்கி ஒரு மணித்தியாலம் 50 நிமிசத்தில் ஊசி போட்டாயிற்று. நாலாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்தார். இப்போது பாடசாலைக்குப் பக்கத்தில் கடை நடத்துகிறார்.

எங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு மணித்தியாலம் 50 நிமிசம் தற்செயல். அந்தத் தம்பி அன்றைக்கு லீவில் வந்திருந்தான், ஓட்டோ வாசலில் நின்றது, மழை இல்லை. தற்செயலை நம்பி எத்தனை வீடு இருக்கும்?

2023இல், நம் மக்கள் மலையகத்துக்கு வந்து 200 வருசம் என்பதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தவர்களோடு கடைசி ரெண்டு நாள் நானும் நடந்தேன். நம்முடைய முன்னோர்கள் நடந்து வந்த வழி, வழியிலேயே எத்தனையோ பேர் செத்து விழுந்த வழி. வீட்டுக்காணி கேட்டோம், சம்பளம் கேட்டோம். இன்றைக்கு அந்த நடை போனால் நான் ஒவ்வொரு டிவிசனுக்கும் சரியான விலாசமும், தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு ஈசிஜி மெசினும், அதை எடுத்து டொக்டருக்குப் போனில் அனுப்பத் தெரிந்த ஒருவரும் வேண்டும் என்று ஒரு மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.

நோர்வூட் ஓட்டோக்காரன்

டீச்சர், 1990 நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா எங்க பக்கம் சில டிவிசனுக்கு அது வர ரொம்ப நேரமாகும், ரோடு அப்பிடி. வரும் வரும்னு வீட்டுலேயே வச்சிக்கிட்டு இருந்த ஆளுங்களும் இருக்காங்க. நீங்க செஞ்சதுதான் சரி. போனும் எடுக்கணும், நாமளும் எறங்கிக்கிட்டே இருக்கணும். எங்க சந்திக்கலாம்னு அவங்ககிட்டயே கேக்கலாம்.

வலப்பனை

சின்னதாக ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் எங்கள் ரோடு ரெண்டு இடத்தில் மண் சரிந்து போனது. கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. ரெண்டாவது நாள் சித்தப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்து பொடியன்கள் எட்டுப் பேர் சேற்றில் தூக்கிக்கொண்டு போனார்கள். மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கிராமத்துச் சிங்கள ஆட்கள் வண்டியோடு காத்திருந்து வாங்கிக்கொண்டார்கள். யார் அவர்களுக்குச் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. போய்ச் சேர ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். சித்தப்பா இருக்கிறார். தூக்கினவர்களில் ரெண்டு பேருடைய சொந்த வீடே அந்தப் புயலில் போயிருந்தது. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று இருந்தது.

மஸ்கெலியா மகள்

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிஸ்ஸி, நீங்கள் எழுதியதை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். இதயத்தின் கீழ்ப்பக்கம் வயிற்றுக்கு மேலேதான் இருக்கிறது என்ற வரியை. கேட்டுவிட்டு, "அப்ப நான் மட்டும் நெனச்சதில்ல" என்றாள். ரெண்டு வருசத்தில் இதைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அந்த மாமாவின் மகளும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். பெரிய மட்டையில் மூன்று ஓட்டோக்காரர்களுடைய நம்பர், 1990, தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவின் நம்பர், ராத்திரியில் ஈசிஜி எடுக்கிற ஆஸ்பத்திரியின் பெயர், எங்கள் டிவிசனுக்கு வருகிற வழி. வழியை ராகலை டீச்சர் சொன்ன மாதிரிச் சந்தியிலிருந்து தொடங்கி எழுதினோம், சிங்களத்திலும் எழுதினோம். ஒன்றைக் கோயில் மடத்திலும் ஒன்றைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டியிருக்கிறோம். பிள்ளைக் காம்பராவுக்கு எல்லாத் தாய்மாரும் தினமும் வருவார்கள், கோயிலுக்கு அப்படி இல்லை. ஓட்டோக்கார அண்ணனுடைய பேச்சையும் மேலே பெரிய எழுத்தில் போட்டோம்: நடக்க விடாதீங்க, கதிரையில் தூக்குங்க, காசு பிறகு.

தோட்டத்து லொறிச் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கும் என்று எழுதித் தரும்படி ஒபிசில் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. தொழிற்சங்கத் தலைவரோடு மறுபடியும் போவோம். முதல் ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருந்த அந்த ஒரு மணித்தியாலம் 25 நிமிசத்துக்கு மட்டையில் எழுத ஒன்றும் இல்லை. ராத்திரியில் ஒரே வண்டி, ஒரு பக்கம் பிள்ளைத்தாய்ச்சி, ஒரு பக்கம் என் அப்பா. யாரையாவது விட்டுவிட்டுப் போ என்று அந்த டிரைவரிடம் எப்படிச் சொல்வது? அதை மேலே இருப்பவர்கள்தான் சரி செய்ய வேண்டும். அதற்கும் கையெழுத்துச் சேர்க்கிறோம்.

மிஸ்ஸி, ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கும் இப்போது பிரசர். போன கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். அந்தத் துண்டை வீட்டில் வைத்திருப்பதால் பிரயோசனம் உண்டா?

கம்பளை மிஸ்ஸி

நிறைய உண்டு, மகள். ராத்திரியில் புதிதாக ஒன்று எடுக்கும்போது, எது முன்னமே இருந்தது, எது இப்போது வந்தது என்று டொக்டர் பழையதை வைத்துத்தான் பார்ப்பார். அந்தத் தாளில் எழுத்து மங்கிப்போகும், அதனால் ஒரு போட்டோ கொப்பி எடுத்து கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவிடு. மருந்துச் சீட்டையும் அதோடு வை. கொப்பி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்கு மட்டுமல்ல, தம்பிக்கும் தெரிய வேண்டும்.

மஸ்கெலியா மகள்

ஒட்டிவிட்டேன். கொப்பி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. தம்பி தன் போனிலும் படம் எடுத்துக்கொண்டான். அம்மா வியாழக்கிழமை கிளினிக் போகிறாள், நானும் லீவு போட்டிருக்கிறேன்.